சால்டர் வைக்குமுன்

கிடார் பெடல் செய்து விற்கலாம் என்று இறங்குகிறவர் முதலில் வாங்குவது சால்டரிங் அயர்ன். அது கொஞ்ச நாள் அட்டைப்பெட்டியிலேயே இருக்கட்டும். முதலில் வேண்டியது ஒரு சோதனைப் பலகை.

வெறும் ப்ரெட்போர்டு போதாது. ரெசிஸ்டரும் டிரான்சிஸ்டரும் அந்த 2.54 மி.மீ. இடைவெளி ஓட்டைகளில் சமர்த்தாக உட்காரும். கிடார் சாக்கெட்டும் கால் சுவிட்சும் உட்காராது. அவற்றை வயரில் தொங்கவிட்டால் கேபிள் லேசாக இடறினாலே பாதி இணைப்பு பிடுங்கிக்கொள்ளும். தப்பு சர்க்யூட்டிலா வயரிலா என்று ராத்திரி முழுக்கத் தேட வேண்டியதுதான்.

அதனால் மாறாத சாமான்களை ஒரே தடவையில் நிலையாகப் பொருத்துங்கள். ஒரு பிளைவுட் துண்டு, முன்பக்கம் எல் வடிவ அலுமினியப் பட்டை. பட்டையில் இரண்டு சாக்கெட், நாலு பாட், கால் சுவிட்ச், டிசி சாக்கெட். ஒவ்வொன்றிலிருந்தும் வயர் வந்து, பெயர் எழுதிய ஸ்க்ரூ கனெக்டரில் முடியட்டும். நடுவில் ப்ரெட்போர்டு. மாறுவது அது மட்டும்தான்.

சாமானுக்கு, சென்னையில் கோட்டூர்புரம் ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறி சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கினால் ரிச்சி தெரு நடக்கிற தூரம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான ஷட்டர் இறங்கியிருக்கும். கடையில் 6.35 மி.மீ. சாக்கெட்டை ‘பி-38’ என்று கேளுங்கள். ஜம்பர் வயருக்குப் பதில் ஒற்றைக் கம்பி டெலிபோன் வயர் வாங்கி வெட்டிக்கொண்டால் மலிவு, பிடிப்பும் நன்றாக இருக்கும்.

பவரில்தான் காசு போகும். பெடல் உலகத்து வழக்கம் 9 வோல்ட், நடுமுனை மைனஸ். கடையில் கிடைக்கும் அடாப்டர் பெரும்பாலும் நடுமுனை பிளஸ். மீட்டர் வைத்துப் பார்க்காமல் செருகி, ஒரே மாலையில் மூன்று டிஎல்072 சிப்பைக் கருக்கியவன் நான். பிளஸ் வழியில் ஒரு 1என்5817 டயோடைத் தொடராகப் போட்டிருந்தால் அந்த மூன்றும் பிழைத்திருக்கும்.

முதல் சர்க்யூட்டாக எல்பிபி-1 என்ற பூஸ்டரைப் போடுங்கள். ஒரே டிரான்சிஸ்டர். நியூயார்க்கில் மைக் மேத்யூஸ் 1968-இல் தொடங்கிய எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸுக்காக பாப் மையர் ஒரு சஸ்டெய்னரை உருவாக்கிக்கொண்டிருந்தார். கிடார் சிக்னல் போதவில்லை என்று அதற்கு முன்னால் ஒரு சின்ன பூஸ்டரைச் செருகியிருந்தார். மேத்யூஸின் கண் சஸ்டெய்னரை விட்டு அந்தச் சோதனை டப்பா மேல் விழுந்தது. அதுவே எல்பிபி-1 என்ற விற்பனைச் சரக்கானது.

ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை நோட்டில் எழுதுங்கள். பைபாஸோடு ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் சத்தம் சமமாக இருக்கட்டும். சத்தம் கூடினாலே நம் காதுக்கு ‘டோன் நல்லா இருக்கு’ என்று தோன்றும். இரைச்சல் வந்தால் பயப்படாதீர்கள், உலோகப் பெட்டிக்குள் போனால் பெரும்பகுதி அடங்கிவிடும். விசில் அடித்தால் உள்ளே வரும் வயரையும் வெளியே போகும் வயரையும் தள்ளி வையுங்கள்.

ஆர்டர் கொடுப்பவரைப் பலகைக்கு முன்னால் உட்கார வையுங்கள். டிஸ்டார்ஷன் சர்க்யூட் என்றால், சிக்னலை வெட்டும் 1என்4148 டயோடைப் பிடுங்கிவிட்டு அதே ஓட்டையில் சிவப்பு எல்இடி செருகுங்கள். ஒலி திறந்துகொள்ளும், சத்தமும் ஏறும், வாசிக்கும்போது எல்இடி மினுக்கும். எது வேண்டும் என்று அவரே சொல்லட்டும். சொன்ன மதிப்புகளை நோட்டில் எழுதி, கீழே கையெழுத்து வாங்கி, பிறகு அட்வான்ஸ் கேளுங்கள்.