உம்மா நிற்கும் இடம்

அன்புத் தம்பிக்கு,

புல்மோட்டையிலிருந்து நீங்கள் அனுப்பிய சிறுகதையை இரண்டு தடவை வாசித்தேன். கொக்கிளாய்க் களப்பிலிருந்து மீனோடு திரும்பும் மனிதரின் பேச்சு அப்படியே காதில் விழுகிறது. ஆனால் அவருடைய உம்மா ‘நுழைவாயிலில்’ காத்து நிற்கிறார். அங்கேதான் எனக்குத் தடக்கியது. நுழைவாயில் கண்காட்சிக்கும் ஆஸ்பத்திரிக்கும் உரியது. கிடுகுவேலி வளவில் உம்மா நிற்பது கடப்படியில். யாழ்ப்பாணத்துக் கதையென்றால் படலையடியில்.

படலையிலும் சங்கடப்படலை என்று ஒன்று உண்டு. மேலே கூரை, இரு பக்கமும் திண்ணை. வழிப்போக்கர் வீட்டாரைக் கேட்காமலே அதில் இளைப்பாறலாம். பருத்தித்துறைத் தெருமூடிமடமோ தெருவையே தன் கூரைக்குள் எடுத்துக்கொண்டது. ஆகவே ஒரு சொல்லை வைக்குமுன், அது குறிக்கும் இடத்தில் அந்நியர் ஒருவர் கேளாமல் உட்காரலாமா என்று பாருங்கள். அகராதி இதைச் சொல்லாது.

கதையின் முடிவில் பிணக்கைத் தீர்க்க ஊரார் ‘மன்றத்தில்’ கூடுகிறார்கள். சங்க காலத்தில் மன்றம் என்பது மரநிழலில் ஊர் கூடிய திறந்த வெளி. இன்று நீதிமன்றம், பாராளுமன்றம் என்று அது சுவருக்குள் போய்விட்டது. வாசலில் காவலும் நிற்கிறது. அம்பலத்தின் கதை வேறு. தில்லையில் அது இறைவன் ஆடும் சபை, மலையாளத்தில் கோயில், சிங்களத்தில் பயணிகள் தங்கும் வழிமடம். நம் பேச்சில் ‘குட்டு அம்பலமாயிற்று’ என்னும்போதுதான் பழைய பொதுவெளி இன்னும் திறந்து கிடக்கிறது.

உங்கள் ஊரில் ஆட்கள் கூடும் இடத்துக்குச் சொல் தேடி அலையத் தேவையில்லை. பள்ளிவாசல் இருக்கிறதே! சமண, பௌத்தத் துறவியர் உறைவிடமாக இருந்த ‘பள்ளி’, பிள்ளைகள் படிக்கும் இடமாகி, தொழுமிடமும் ஆகி, வாசலையும் கூட்டிக்கொண்டு நம் வாயில் நிற்கிறது. ஜும்ஆ முடிந்து ஆட்கள் கலையாமல் நிற்பதும், நோன்புக் கஞ்சிக்குச் சிறுவர் பாத்திரத்தோடு வரிசைகட்டுவதும் அங்கேதான். உங்கள் கதையின் பிணக்கும் அங்கே தீரட்டும். மன்றம் வேண்டாம்.

கடப்படி என்பது எனக்குப் பழகிய சொல். உங்கள் உம்மம்மாவிடம் ஒருமுறை கேளுங்கள். அவர் வேறு சொன்னால் என்னுடையதை விட்டுவிட்டு அதையே எழுதி, நோன்புக்கு முன் எனக்கு அனுப்புங்கள்.