மைல் மீற்றர் இல்லாத பெட்டிக்கு ஒரு மைல் மீற்றர்

கல்முனையிலிருந்து தெற்கே சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று என்று எமது ஊர்கள் கடலை ஒட்டி நெருக்கமாக நிற்கின்றன. வேளாண்மை நடப்பதோ மேற்கே, வட்டைகளில். வீடு ஓரிடம், வயல் ஓரிடம் என்பது எமக்குப் புதிதல்ல. ஆனால் 1990இன் பின்னர் சண்டையாலும், 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த சுனாமியாலும் இருப்பிடம் மாறிப் போன குடும்பங்களுக்கு இந்த இடைவெளி கூடிற்று. முன்பு சைக்கிளில் போய் வாய்க்கால் பார்த்துவிட்டு வந்தவர் இப்போது யாருடைய லேண்ட்மாஸ்டர் பெட்டியிலாவது ஏறிப் போகவேண்டியிருக்கிறது. விதைநெல், பசளை, வெட்டிய நெல் மூடை எல்லாமே அந்தப் பெட்டியில்தான்.

ஒரு லேண்ட்மாஸ்டரை மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து பாவிக்கும் இடங்களில் போகத்தின் முடிவில் எழும் சச்சரவை வாசகர்கள் அறிவீர்கள். டீசல் யார் யாருக்கு எவ்வளவு? சமமாகப் பிரித்தால் கிட்ட வயல் உள்ளவர் நட்டப்படுகிறார். தூரத்துக்கு ஏற்பப் பிரிப்போம் என்றால் தூரம் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஒருவர் "அஞ்சு கட்டை" என்பார், மற்றவர் "அஞ்சு கிலோமீற்றர்" என்பார். கட்டை என்பது மைல். ஐந்து கட்டை எட்டுக் கிலோமீற்றர் ஆகும். இருவரும் உண்மை பேசுவதாக நினைத்துக்கொண்டே மூன்று கிலோமீற்றருக்குச் சண்டை பிடிக்கிறார்கள்.

இப்பாடத்தில் பெட்டிக்குப் பொருத்தக்கூடிய ஒரு மைல் மீற்றரை அமைப்பது பற்றிப் பார்ப்போம். அது உடையும். சேற்றிலும் உப்புக் காற்றிலும் ஓடும் எந்தக் கருவியும் உடையும். ஆகவே உடைந்தால் பத்து நிமிடத்தில், ஆயுதமில்லாமல், கைச்செலவு அதிகமின்றி மாற்றக்கூடியதாக அதை முதலிலேயே அமைத்துக்கொள்ளவேண்டும்.

இயந்திரத்தில் ஏன் இல்லை?

லேண்ட்மாஸ்டர் என்ற பெயர் 1950களில் எமது நாட்டுப் பொறியியலாளர் ரே விஜேவர்தனவின் முயற்சியோடு வந்தது. இன்று எந்தக் கம்பனியின் இரு சில்லு உழவு இயந்திரத்தையும் அப்பெயராலேயே அழைக்கிறோம். அது உழுவதற்கு அமைந்த இயந்திரம். வீதியில் எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று அறியும் தேவை அமைத்தவர்களுக்கு இருக்கவில்லை. மெஸி பெர்கியூசன் போன்ற பெரிய உழவு இயந்திரங்களில் ஒரு மீற்றர் உண்டு. ஆனால் அது காட்டுவது மணித்தியாலத்தை. அதுவும் எஞ்சின் ஒரு குறித்த வேகத்தில் சுழலும்போதுதான் அதன் ஒரு மணி உண்மையான ஒரு மணி. உழவுக் கூலிக்கு அது போதும். ஏற்றி இறக்கும் வேலைக்கு உதவாது: தேநீர்க் கடை முன்னால் எஞ்சினை நிறுத்தாமல் விட்டாலும் அது எண்ணிக்கொண்டே இருக்கும்.

நூற்று எழுபது வருடத்துக்கு முந்திய ஒரு கணக்கு

தாம் இருந்த ஊரிலிருந்து துரத்தப்பட்ட ஒரு கூட்டத்தார் 1847இல் அமெரிக்காவின் மேற்கு நோக்கி மாட்டுவண்டிகளில் போனார்கள். நாளொன்றுக்கு எவ்வளவு தூரம் வந்தோம் என்பதில் அவர்களுக்குள்ளும் தகராறு. வில்லியம் கிளேற்றன் என்பவர் ஒரு வண்டிச் சில்லின் சுற்றளவை அளந்தார்: 14 அடி 8 அங்குலம். அப்படியானால் 360 சுற்று ஒரு மைல். சில்லில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, அது மேலே வரும் ஒவ்வொரு தரமும் எண்ணிக்கொண்டு நாள் முழுவதும் வண்டிக்குப் பக்கத்தில் நடந்தார். மே 8ஆம் திகதி 4,070 சுற்று. பதினொன்றேகால் மைலும் சொச்சமும். அன்றைய தூரத்தை மற்றவர்கள் 13, 14 மைல் என்று மதித்திருந்தார்கள். களைத்த மனிதனுக்குத் தூரம் எப்போதும் கூடத்தான் தெரியும்.

சில நாட்களில் அப்பிள்ரன் ஹார்மன் என்ற தச்சர் மரத்தால் பற்சில்லுகள் செய்து, தானாக எண்ணும் கருவியொன்றை அந்த வண்டியில் பொருத்தினார். திரும்பி வரும் பயணத்துக்கு வேறொரு புதுக் கருவி செய்துகொண்டார்கள். கருவி மாறியது, கணக்கு மாறவில்லை. ஏனெனில் கிளேற்றன் தினமும் கொப்பியில் எழுதிவந்தார். 1848இல் அவர் அச்சிட்ட வழிகாட்டி நூல், பின்னால் வந்த குடும்பங்களுக்குத் தண்ணீர் எங்கே, புல் எங்கே, அடுத்த தங்குமிடம் எத்தனை மைல் என்று சொல்லிற்று. மொத்தம் 1,031 மைல்.

இதில் நாம் கவனிக்கவேண்டியவை சில்லின் அளவும், கொப்பியும். நடுவே எண்ணும் கருவி எதுவாகவும் இருக்கலாம். கையில் ஒன்றுமே இல்லாதவர்கள் துணி கட்டி எண்ணலாம். நூறு சுற்றுக்கு ஒரு கூழாங்கல்லை வலப் பையிலிருந்து இடப் பைக்கு மாற்றலாம். ஈராயிரம் வருடத்துக்கு முன்னர் உரோம நாட்டு விற்றுவியஸ் எழுதிவைத்த தூரமானியும் இதையே செய்தது: 400 சுற்றுக்கு ஒரு கல் பாத்திரத்தில் விழும்.

முதலில் சில்லை அளப்போம்

இயந்திரத்தின் சில்லில் அளக்கவேண்டாம். அது இழுக்கும் சில்லு. சேற்றில் நின்ற இடத்தில் சுழலும். பெட்டியின் சில்லு இழுபட்டு உருள்வது, அதனால் நிலத்தை ஒட்டிப் போகும். வழக்கமான சுமையில் பாதியை ஏற்றி, டயருக்குக் காற்று அடித்து, டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு நிலத்தைத் தொடும் இடத்தில் ஓர் ஆப்பு அடியுங்கள். பெட்டியை நேராகத் தள்ளிப் பத்துச் சுற்று முடிந்ததும் மறு ஆப்பு. இரண்டுக்கும் இடையே நாடாவால் அளக்கவேண்டும். ஒரு சுற்றை மட்டும் அளந்தால் விரல் அகலப் பிழையும் பெருகிவிடும்.

உதாரணமாகப் பத்துச் சுற்று 21 மீற்றர் 40 சதமமீற்றர் என்று வைப்போம். ஒரு சுற்று 2.14 மீற்றர், ஒரு கிலோமீற்றருக்கு 467 சுற்று. இந்த எண்ணைப் பெட்டியின் முன்பலகையில் பெயின்ரால் எழுதிவிடுங்கள். கருவி எதை மாற்றினாலும் இது மாறாது. அமெரிக்கக் கார்களில் மைல் மீற்றர் வயர் மைலுக்கு 1,000 சுற்றுச் சுழலும்படி நெடுங்காலம் ஒரே அளவாக வைத்திருந்தார்கள். அப்படி அளவு பொதுவாக இருந்தால்தான் ஒரு மீற்றரைக் கழற்றி இன்னொன்றைப் பூட்ட முடியும்.

கருவி மூன்று துண்டு

முதலாவது, சில்லில் பூட்டும் காந்தம். பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தில் ஒரு சிறு துண்டு போதும். சில்லின் உட்புறத்தில் பழைய டியூப் நாடாவால் இறுக்கிக் கட்டிவிடலாம்.

இரண்டாவது, அச்சில் பூட்டும் காந்த ஆளி. ரேடியோ திருத்தும் கடையில் "ரீட் சுவிட்ச்" என்று கேட்கவேண்டும். சிறு கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய உலோக நாக்குகள் இருக்கும். காந்தம் பக்கத்தில் வந்தால் ஒட்டும், போனால் விலகும். கதவுக்குப் பூட்டும் அலாரத்திலும் இதுவே உண்டு. கண்ணாடி மெல்லியது, நாக்கை வளைத்தால் வெடிக்கும். எனவே தீர்ந்துபோன பேனைக் குழாய்க்குள் ஆளியை வைத்து, இரு வயரையும் ஈயம் பற்றவைத்து, இரு முனையையும் மெழுகால் அடைத்துவிடுங்கள். தண்ணீர் போகாது. குழாயையும் டியூப் நாடாவால் அச்சில் கட்டவும். காந்தம் கடக்கும்போது இடைவெளி ஒரு சதமமீற்றரளவில் இருக்கட்டும். இப்படியான குழாய் இரண்டைச் செய்து ஒன்றை வீட்டில் வைத்திருப்பது நல்லது.

மூன்றாவது, எண்ணும் கருவி. கடைகளில் தஸ்பீஹ் எண்ணுவதற்கென விற்கும் சிறு பொத்தான் கருவியைப் பலர் கண்டிருப்பீர்கள். பொத்தானை ஒரு தரம் அமர்த்தினால் எண் ஒன்று கூடும். அதைத் திறந்து, பொத்தானின் கீழுள்ள இரு தொடுமுனைகளிலும் இரண்டு வயரைப் பற்றவைத்தால், விரல் செய்த வேலையைச் சில்லு செய்யும். வயரை நேரே ஆளியோடு பற்றவைத்துவிடாதீர்கள். இடையில் இயர்போனின் முனையையும் அதற்கேற்ற துளையையும் வையுங்கள். இழுத்தால் கழரவேண்டும், குத்தினால் பொருந்தவேண்டும். கருவி பழுதானால் அடுத்ததைக் குத்திவிட்டு வேலைக்குப் போகலாம். இரவில் கழற்றி வீட்டுக்கும் கொண்டுபோகலாம். மழைக்கு மூடியுள்ள மருந்துப் போத்தலொன்று போதும்.

சைக்கிள் கடையில் விற்கும் சிறு மீற்றரையும் பாவிக்கலாம். அதுவும் காந்தமும் ஆளியும்தான். சில்லின் சுற்றளவை மில்லிமீற்றரில் கொடுத்தால் கிலோமீற்றரையே காட்டும். விலை கூட. பற்றரி கழரும்போது பழைய தொகையை மறந்துவிடுபவையும் உண்டு. நாம் பொத்தான் கருவியையே விரும்புகிறோம். அது கெட்டால் மனம் நோகாது.

பூட்டிய பின் சில்லைக் கையால் பத்துத் தரம் சுற்றிப் பாருங்கள். பத்து என்று காட்டவேண்டும். இருபது காட்டினால் காந்தம் ஒரே கடப்பில் ஆளியை இரு தரம் ஒட்டவைக்கிறது. காந்தத்தைக் கால்வாசி திருப்பிக் கட்டுங்கள், அல்லது இடைவெளியைச் சற்றுக் கூட்டுங்கள். எண் குறைந்தால் இடைவெளியைக் குறைக்கவும். மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் எமது உதாரணச் சில்லு செக்கனுக்கு இரண்டு சுற்றுச் சுழலும். ஆகையால் சில்லை ஜக்கில் தூக்கி வேகமாகச் சுற்றியும் ஒரு தரம் சோதிக்கவேண்டும். கடைசியாகப் பிரதான வீதியில் இரண்டு கிலோமீற்றர் கற்களுக்கு இடையே ஓடிப் பாருங்கள். 467க்குக் கிட்ட வந்தால் சரி.

எளிதில் மாற்றலாம் என்றால் எளிதில் ஏமாற்றலாம்

இதை மறைக்கத் தேவையில்லை. கழற்றி வைத்துவிட்டு ஒரு நடை ஓடலாம், பொத்தானை விரலால் அமர்த்தி எண்ணைக் கூட்டலாம். பூட்டுப் போட்டு இறுக்கினால் மாற்றுவது கடினமாகிவிடும், கருவி பழுதான அன்றே யாரும் அதைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். எனவே கணக்கைக் கருவியில் வைக்காமல் கொப்பியில் வைப்போம். ஒவ்வொரு நடைக்கும் ஒரு வரி: திகதி, யாருடைய நடை, எங்கிருந்து எங்கே, புறப்படும்போது எண், திரும்பும்போது எண், ஒப்பம். முன்னைய நடை முடிந்த எண்ணும் அடுத்த நடை தொடங்கும் எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். இடையில் வித்தியாசம் இருந்தால் அன்றைக்கே கேட்கலாம். போகம் முடிந்தபின் கேட்டால் பகைதான் மிஞ்சும். கருவியை மாற்றும்போது சிவப்பு மையால் ஒரு தனி வரி: பழையது காட்டிய எண், புதியது தொடங்கும் எண், பார்த்து நின்ற இருவரின் ஒப்பம். ஐந்து இலக்கக் கருவி 99,999க்குப் பின் பூச்சியத்துக்குத் திரும்பும். அது எமது சில்லுக்கு 214 கிலோமீற்றர். அப்போதும் ஒரு சிவப்பு வரி.

கொப்பி என்ன சொல்லும்?

மூன்று குடும்பங்கள் ஒரு மாதத்தில் ஓடியது 84, 126, 210 கிலோமீற்றர் என்று வைப்போம். மொத்தம் 420. வீதி ஓட்டத்துக்குப் போன டீசல் 42 லீற்றர், அதாவது லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர். பங்கு 8.4, 12.6, 21 லீற்றர். சமமாகப் பிரித்திருந்தால் ஆளுக்கு 14. முதலாமவர் ஐந்தரை லீற்றருக்கு மேல் இனாமாகக் கொடுத்திருப்பார். சுமையோடு போவதும் வெறும் பெட்டியாக வருவதும் ஒன்றல்ல என்று சொல்பவர்கள் இருப்பார்கள். உண்மைதான். ஆனால் எல்லாரும் ஒரு பக்கம் சுமையோடும் மறுபக்கம் வெறுமையாகவும் ஓடுவதால் அது பெரும்பாலும் சரிக்கட்டிவிடும். உழவுக்குப் போகும் டீசலை இதில் சேர்க்காதீர்கள், அதற்கு மணித்தியாலக் கணக்கு வேறு.

2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து, கியூஆர் அட்டைக்கு அளந்து கொடுத்த காலத்தில் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று தெரிந்தவரே விதைப்புக்கு எத்தனை நடை போகலாம் என்று திட்டமிட முடிந்தது. லீற்றருக்குப் பத்து ஓடிய இயந்திரம் திடீரென ஏழு ஓடினால் டயரில் காற்றில்லை, பெட்டியின் பேரிங் காய்ந்துவிட்டது, அல்லது டீசல் வேறெங்கோ போகிறது. மூன்றையும் பார்க்கவேண்டும்.

இன்னுமொன்று. சொந்த வயலுக்குப் போய்வருவதா, அதைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு இருக்கும் இடத்துக்கு அருகே வயல் எடுப்பதா என்று பல குடும்பங்கள் தவிக்கின்றன. வயல் 14 கிலோமீற்றர் தொலைவில் என்றால் ஒரு நடை 28. போகத்துக்கு 30 நடை என்றால் 840 கிலோமீற்றர், 84 லீற்றர். அன்றைய விலையால் பெருக்கி, அது எத்தனை மூடை நெல் என்று பாருங்கள். அந்த மூடைகளைக் கழித்த பின்னும் சொந்த வயலில் மிச்சம் நின்றால் போங்கள். மிச்சம் இல்லாமலும் வாப்பாவின் வயலை விடமாட்டேன் என்று போகிறவரை நாம் தடுக்கமாட்டோம். எவ்வளவு கொடுத்துப் போகிறார் என்று அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

குழுவில் செய்து பார்க்க

டயரில் காற்று இறங்கி அச்சின் உயரம் குறைந்தால் சில்லு ஒரு சுற்றில் ஓடும் தூரமும் சற்றுக் குறையும். கருவி அப்போது உண்மையான தூரத்தைவிடக் கூடக் காட்டும். ஆகவே போகம் தொடங்கும்போதும், டயர் மாற்றும்போதும் பத்துச் சுற்றை மீண்டும் அளக்கவேண்டும். பழைய டயர் சுற்றுக்கு 2.14 மீற்றர், புது டயர் 2.20 மீற்றர். பலகையில் எழுதிய எண்ணை மாற்றாமல் 5,000 சுற்று ஓடிவிட்டீர்கள். கொப்பியில் எவ்வளவு தூரம் விடுபட்டிருக்கும்? (விடை: 300 மீற்றர்.)