பாய்மரத்தின் அடி

கடல் காணாத திண்டுக்கற் சமவெளியினராகிய யாம் பாய்மரத்தைப்பற்றி எழுதப் புகுதல் சிலர்க்கு நகை விளைக்கலாம். ஆயினும், எம் மாவட்டத்துக் கோடைக்கானலில் 1863-ஆம் ஆண்டில் ஏரி சமைப்பித்த வேர் லெவிஞ்சு துரைமகனார், அதில் விடுதற்குரிய படகைத் தூத்துக்குடியினின்றே வருவித்தார். கடற்றொழில் எம் மலைமீதும் ஏறியதென்க.

பாய்மரத்தைப் பண்டையோர் கூம்பு என்றனர். கூம்பையும் பாயையும் இறக்காமலே புகார்த்துறை புகுந்த பெருங்கலமொன்றைப் புறநானூற்று 30-ஆம் பாட்டுக் கூறுகின்றது. இறக்காமை எடுத்தோதப்படுதலின், இறக்குதலும் வழக்காயிருந்தமை பெறப்படும். எடுக்கவும் நடவும் வேண்டின், மரத்தின் அடி பொருந்தும் குழிக்கட்டை செவ்விதாக அமைதல் வேண்டும். அதற்கு வலிமை, இடம் என்னும் இரண்டும் இன்றியமையாதன.

முதற்கண் வலிமை. காற்றுப் பாயைத் தள்ளுகின்றது. பக்கக் கயிறுகள் மரத்தைக் கீழ்நோக்கி இறுக்குகின்றன. அவ்விசை பெரும்பாலும் அடியிற் சென்று சேர்கின்றது. மெல்லிய பலகைமேல் அடியை ஊன்றினால் பலகை பிளக்கும். ஆதலின், குழிக்கட்டையை நீளமாகச் செதுக்கி, அடிமரமாகிய ஏராவோடும் குறுக்குச் சட்டங்களோடும் பிணைத்தல் வேண்டும். மரத்தின் அடியிற் சதுரமாகச் செதுக்கிய முளை குழியில் இறுகப் பொருந்தின் மரம் முறுகாது. நீர் தேங்கி அடி உளுத்துப்போகாவண்ணம் குழிக்கு வடிதுளையும் வேண்டும்.

இனி, இடம். இதனைத் தெளிதற்பொருட்டு யாம் முள்முருங்கைக் கட்டையிற் சிறுபடகு குடைந்து, அடியில் தகரத்தகடு செருகி, முன்னும் நடுவும் பின்னுமாக மூன்று குழிகளிட்டு, மழைநீர் நிறைந்த எம்மூர்க் குளத்தில் மிதக்கவிட்டோம். முன்குழியில் மரத்தை நட்டபோது படகு காற்றுக்குப் புறங்காட்டி ஓடிற்று. பின்குழியில் நட்டபோது காற்றை நோக்கித் திரும்பி, பாய் படபடக்க நின்றது. நடுக்குழியில் ஏறக்குறைய நேரே சென்றது. பாயைக் காற்றுத் தள்ளும் நடுவிடமும், பக்கவாட்டில் நகரவொட்டாது நீர் தடுக்கும் நடுவிடமும் விலகுமளவிற்குப் படகு திரும்புமென்பது இதனாற் போதரும்.

அறிந்த தச்சர், படகு காற்றை நோக்கிச் சிறிதே திரும்பும்படி அடியை அமைப்பர். சுக்கான் கைதவறினும், அப்படகு காற்றின் முகமாகத் திரும்பி ஓட்டந் தணியும். ஒருவிரற்கடை இடத்தில் ஓருயிர் தங்குதல் காண்க.

ஏசாயா தீர்க்கதரிசியும் 33-ஆம் அதிகாரத்தில், கயிறுகள் தளர்ந்து பாய்மரத்தை நிலைநிறுத்தமாட்டாத கலத்தைக் காட்டி எச்சரிக்கின்றார். பாய் யாவர்க்கும் தோன்றும். அடியோ பலகையின்கீழ் மறைந்து கிடக்கும். கல்வியாகிய பாயை விரிக்க விழையும் மாணவராகிய நாம், அதனைத் தாங்கும் அடி எங்கே ஊன்றியுளதென முன்னரே நோக்குவோமாக.