களைப்பும் சோம்பலும்

பாலக்காட்டிலிருந்து கோயம்புத்தூர் செல்லும் நெடுஞ்சாலையில், வாளையாற்றை அடைவதற்கு முன் வருவது கஞ்சிக்கோடு. கேரளத்தின் பெரிய தொழிற்பகுதிகளுள் ஒன்று அங்கே அமைந்துள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலை இடைவெளி விட்டு நிற்கும் அக்கணவாயில் காற்று ஓய்வதில்லை, ஆலைகளும் ஓய்வதில்லை. ஷிப்டு முறையில் வேலை நடப்பதால், ஒரே வீட்டில் ஒருவர் உறங்கும் நேரத்தில் மற்றொருவர் வேலைக்குப் புறப்படுகிறார். தமிழும் மலையாளமும் கலந்து பேசும் குடும்பங்கள் அங்கு ஏராளம்.

அவ்வூரில் ஓர் அன்பரின் இல்லத்தில் நடைபெற்ற சத்சங்கத்தின் முடிவில், பதினாறு வயதுப் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி எழுந்தாள். பிளஸ் ஒன் படிப்பவள். காலை ஐந்து மணிக்கு எழுந்து டியூஷன் செல்கிறாள், பின்னர் பள்ளி. மாலை வீடு திரும்பியதும் அக்காவின் ஒன்றரை வயது மகன் அவள் கைக்கு வந்துவிடுகிறான். பகல் முழுவதும் அவனைப் பார்த்துக்கொண்ட தாய்க்கு அடுக்களையும் துணி துவைக்கும் வேலையும் காத்திருக்கின்றன. மதிய ஷிப்டுக்குச் சென்ற அக்கா வீடு திரும்ப இரவு பத்தரை ஆகிவிடும். அதன் பிறகே இவள் புத்தகத்தைத் திறக்க முடிகிறது.

"சுவாமிஜி, குழந்தை மீது எனக்குப் பிரியம் இல்லாமல் இல்லை. ஆனால் நேற்று அவன் விடாமல் அழுதபோது எனக்குப் பயங்கரமாகக் கோபம் வந்தது. களைப்பாக இருக்கிறது என்று சொன்னால், 'இந்த வயதில் என்ன களைப்பு?' என்கிறார்கள். நான் சோம்பேறியா? சுயநலக்காரியா?" என்று கேட்டாள்.

'சேவையே தவம், மகிழ்ச்சியோடு செய், களைப்புத் தெரியாது' என்ற விடை என் நாவின் நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டேன். மேடையில் அது உண்மையான வாக்கியம்தான். ஆனால் ஐந்து மணி நேரம் மட்டுமே உறங்கிய ஒரு சிறுமியிடம் அதைச் சொன்னால், அவளது சுமையோடு குற்றவுணர்வையும் ஏற்றிவைத்ததாகும். அன்று அவளுக்குச் சொன்னவற்றையும், பின்னர் சிந்தித்தவற்றையும் அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தோற்றத்தில் ஒன்று, தன்மையில் வேறு

சோம்பலும் களைப்பும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் கண் சொருகுகிறது. கை எழ மறுக்கிறது. அழைத்த குரலுக்கு விடை தாமதமாகிறது. ஆகவே பெரியவர்கள் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்கிறார்கள். கயிற்றைப் பாம்பெனக் காண்பது வேதாந்தத்தில் புகழ்பெற்ற உவமை. களைப்பைச் சோம்பல் எனக் காண்பதும் அதே வகைப் பிழைதான்.

கீதையின் பதினான்காம் அத்தியாயம், தமோ குணம் மனிதனைக் கட்டும் வழிகளுள் சோம்பலோடு உறக்கத்தையும் சேர்த்துச் சொல்கிறது. இதை மட்டும் படித்தவர்கள் உறக்கத்தையே பகையாகக் கருதிவிடுகிறார்கள். ஆனால் அதே கீதையின் ஆறாம் அத்தியாயம், மிகுதியாக உறங்குபவனுக்கு யோகம் கைகூடாது என்பதோடு நிற்கவில்லை. உறங்காமல் விழித்தே இருப்பவனுக்கும் கைகூடாது என்று சேர்த்துச் சொல்கிறது. உணவு, செயல், உறக்கம், விழிப்பு ஆகிய அனைத்திலும் அளவே அங்கு வலியுறுத்தப்படுகிறது. அளவு மீறிய விழிப்பைத் தவம் என்று அந்நூல் போற்றவில்லை.

இரண்டையும் வேறுபடுத்தி அறிவது எப்படி? சோம்பல் வேலைக்கு முன்னால் வருகிறது. களைப்பு வேலைக்குப் பின்னால் வருகிறது. ஓய்வு கொடுக்கக் கொடுக்கச் சோம்பல் வளர்கிறது, களைப்போ தீர்கிறது. சோம்பல் கொண்டவன் வேலையை விட்டு விருப்பமானதை நோக்கி ஓடுகிறான். களைத்தவனுக்கு விருப்பமானதும் சுவைப்பதில்லை. அந்தப் பெண்ணிடம், "உனக்குப் பிடித்தது எது?" என்று கேட்டேன். "முன்பு கோலம் போடுவேன். இப்போது தோன்றுவதே இல்லை" என்றாள். அவளது கேள்விக்கான விடை அதிலேயே இருந்தது.

உடல் வைத்திருக்கும் கணக்கு

பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்று 2016-ஆம் ஆண்டில் அமெரிக்க உறக்க மருத்துவ அகாடமி அறிவித்தது. நள்ளிரவில் படுத்து ஐந்து மணிக்கு எழும் பெண்ணுக்குக் கிடைப்பது அதில் ஏறக்குறைய பாதி.

'சீக்கிரம் படுத்தால் என்ன?' என்று கேட்கலாம். வீட்டு வேலை ஒருபுறம் இருக்க, பருவ வயதில் உடலின் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிச் செல்கிறது. உறக்கத்திற்கு உடலை ஆயத்தப்படுத்தும் மெலடோனின் என்னும் சுரப்பு, அவ்வயதினருக்கு இரவில் தாமதித்தே பெருகுகிறது. இரவு ஒன்பது மணிக்கு அவர்கள் சுறுசுறுப்பாகத் தோன்றுவதும், அதிகாலையில் எழ முடியாமல் தவிப்பதும் இதனால்தான். உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2014-இல் பரிந்துரைத்ததற்கு அடிப்படை இதுவே. 'இந்த வயதில் என்ன களைப்பு?' என்ற கேள்விக்கு, 'இந்த வயதில்தான் மிகுதியான களைப்பு' என்பதே அறிவியல் தரும் விடை.

இன்னொரு கணக்கும் உண்டு. 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், 17 முதல் 19 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவர்களின் செயல்திறன் அளக்கப்பட்டது. சில சோதனைகளில் அது, இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவர்களின் நிலைக்கு ஒப்பாகவோ அதைவிடத் தாழ்ந்தோ காணப்பட்டது. நம் நாட்டில் வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 0.03 விழுக்காடுதான். அந்த ஆய்வு வளர்ந்தவர்களிடம் நடத்தப்பட்டது என்பது உண்மை. ஆயினும் காலை ஐந்து மணிக்கு எழுந்தவளுக்கு இரவு பத்து மணிக்குப் பதினேழு மணி நேரம் நிறைவடைகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். மது அருந்தியவர் கையில் நாம் குழந்தையைக் கொடுப்பதில்லை. உறக்கம் இழந்தவர் கையில் கொடுக்கும்போது மட்டும் நமக்கு ஐயம் எழுவதே இல்லை.

காப்பு என்னும் பொறுப்பு

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் முதலாவது காப்புப் பருவம். செங்கீரை, தால், சப்பாணி ஆகியவை அதற்குப் பின்னரே வருகின்றன. குழந்தையைக் கொஞ்சுவதற்கு முன் காக்க வேண்டும் என்று அந்த வரிசை நமக்கு உணர்த்துவதாகக் கொள்ளலாம்.

ஒன்றரை வயதுக் குழந்தைக்கு நடக்கத் தெரியும், ஆபத்துத் தெரியாது. வாளியில் சில அங்குல நீர் இருந்தாலே அதற்கு அபாயம்தான். அவ்வயதுக் குழந்தை நீரில் தலைகுப்புற விழுந்தால் பெரும்பாலும் ஓசைகூட எழுவதில்லை. காப்பவர் ஒரு நிமிடம் கண்ணயர்ந்தால் போதும். பிறகு அந்த வீடு வாழ்நாள் முழுவதும் ஒரு பெண்பிள்ளையையே குற்றம் சொல்லிக்கொண்டிருக்கும்.

அவள் குறிப்பிட்ட கோபத்தையும் நாம் அலட்சியம் செய்யலாகாது. அது அவளது குணக்கேடு அன்று. தீர்ந்துபோன விளக்கின் திரி கருகும் புகை. ஆனால் அந்த நேரத்தில் குழந்தையைப் பிடித்து உலுக்கினால் அதன் மூளைக்குப் பெருங்கேடு நேரக்கூடும். ஆகவே அவளிடம் தெளிவாகச் சொன்னேன்: "கோபம் தலைக்கேறினால் குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் படுக்கவைத்துவிட்டுச் சற்று விலகி நில். உடனே வீட்டில் ஒருவரைக் கூப்பிடு. குழந்தை இன்னும் சில நிமிடங்கள் அழுவதால் தீங்கில்லை. உதவி கேட்பதில் வெட்கமும் இல்லை."

ஊர்மிளையின் உறக்கம்

வால்மீகி சொல்லாத ஒரு கதையை நம் நாட்டு மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். வனவாசத்தில் அண்ணனையும் அண்ணியையும் காக்க இலட்சுமணன் பதினான்கு ஆண்டுகள் உறங்காமல் இருக்க விரும்பினான். நித்திரா தேவி அவன்முன் தோன்றினாள். 'உறங்காமல் இருக்க அருள்கிறேன். ஆனால் உன் பங்கு உறக்கத்தை வேறொருவர் ஏற்க வேண்டும்' என்றாள். அயோத்தியிலிருந்த மனைவி ஊர்மிளை அதை ஏற்று, தன் உறக்கத்தோடு அவன் உறக்கத்தையும் சேர்த்து உறங்கினாள்.

இக்கதையை இலட்சுமணனின் தியாகத்திற்காகச் சொல்கிறோம். ஊர்மிளைக்காகவும் சொல்கிறோம். அதில் ஒரு நுட்பம் அடங்கியிருப்பதைக் கவனிப்பதில்லை. தெய்வமே முன்வந்து வரம் அளித்த இடத்திலும் உறக்கம் இல்லாமற் போய்விடவில்லை; அதை யாரேனும் ஒருவர் ஏற்க வேண்டியிருந்தது. புராண வீரனுக்கே இதுதான் நியதி என்றால், பிளஸ் ஒன் மாணவிக்கு வேறு நியதி எப்படி இருக்க முடியும்? 'உறங்காமல் காவல் செய்' என்று அவளிடம் கேட்கும் வீடு, அவளது சுமையை ஏற்கப்போகும் ஊர்மிளை யார் என்பதையும் சொல்ல வேண்டும்.

சுமையைப் பங்கிடுதல்

கஞ்சிக்கோட்டுக்கும் வாளையாற்றுக்கும் இடையே இருப்புப்பாதை காட்டின் ஊடே செல்கிறது. அங்கு யானைகள் ரயிலில் அடிபட்டு இறந்ததுண்டு. அதனால் இரவில் ரயில்களுக்கு வேகக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. அந்த ரயிலை ஓட்டுபவருக்கு எத்தனை மணி நேரம் வேலை, எத்தனை மணி நேரம் ஓய்வு என்பதற்கு விதிகள் உண்டு. அவர் ஓய்வு எடுக்கும்போது யாரும் அவரைச் சோம்பேறி என்பதில்லை. பல உயிர்கள் அவர் கையில் இருப்பதால் அந்த ஓய்வும் கடமையின் பகுதி ஆகிறது. ஓர் உயிரைக் கையில் ஏந்தியிருக்கும் பதினாறு வயதுப் பெண்ணுக்கும் அதே நியாயம் பொருந்தும்.

குழந்தையைக் காப்பது குடும்பத்தின் பொறுப்பு மட்டுமன்று என்பதைச் சட்டமும் உணர்ந்திருந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் காப்பக வசதி வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் கூறியது. பணிபுரியும் தாய்மார்கள் இதைத் தங்கள் ஆலையில் கேட்டறிவது நல்லது. இரவு ஷிப்டு முடியும் நேரம்வரை எல்லா இடங்களிலும் காப்பகம் கிடைத்துவிடாது என்பதும் மெய்யே. ஆகவே இறுதியில் வீட்டுக்குள்ளேயும் பங்கீடு தேவைப்படுகிறது.

அந்த வீட்டில் பத்தொன்பது வயது அண்ணன் ஒருவன் இருந்தான். அவனிடம் யாரும் குழந்தையைக் கொடுத்ததில்லை, அவனும் கேட்டதில்லை. நான் அவனைப் பார்த்து, "குழந்தைக்குக் காது குத்தும்போது யார் மடியில் உட்காரவைப்பீர்கள்?" என்றேன். "என் மடியில்தான் சுவாமிஜி, நான்தானே தாய்மாமன்" என்றான் பெருமையோடு. "ஒருநாள் விழாவுக்கு மாமன் மடி வேண்டும். ஒவ்வொரு நாள் மாலையிலும் வேண்டாமா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை, யோசித்தான்.

தாயாரையும் நான் குறைகூறவில்லை. அவரும் களைத்திருந்தார், வேலைக்குச் சென்ற மூத்த மகளும் களைத்திருந்தாள். களைத்த ஒருவர் தம் சுமையை இன்னொரு களைத்தவர் தோளுக்கு மாற்றும்போது, மறுத்துப் பேச முடியாத இளையவரிடமே அது போய்ச் சேர்கிறது. இங்கே தீயவர் எவரும் இல்லை. கணக்குப் பார்ப்பவர்தான் இல்லை. அன்று அக்குடும்பம் ஒன்றாக அமர்ந்து கணக்குப் பார்த்தது. வாரத்தில் மூன்று நாள் மாலைப்பொழுது அண்ணனுடையது என்றும், எந்த நாளாயினும் ஒன்பது மணிக்கு மேல் அந்தப் பெண் குழந்தைக்குப் பொறுப்பல்ல என்றும் முடிவாயிற்று.

சில மாதங்களுக்குப் பின் மீண்டும் அங்கே சென்றிருந்தேன். அண்ணனின் தோளில் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தான். வாசலில் சிறிய கோலம் ஒன்று இருந்தது. யார் போட்டது என்று நான் கேட்கவில்லை.

சேவை என்பது நிறைவிலிருந்து வழிவது. வற்றிய கிணற்றில் மேலும் மேலும் இறைத்தால் சேறுதான் வரும். 'எனக்குக் களைப்பாக இருக்கிறது' என்று ஒரு பிள்ளை சொன்னால் அதை எதிர்ப்பேச்சாகக் கொள்ளாமல், உடல் பேசும் சத்தியமாகக் கேட்போம். அதைக் கேட்கும் வீட்டில் குழந்தையும் பாதுகாப்பாக வளரும்.

சிந்தனைக்கு

1. என் வீட்டில் மறுத்துப் பேச முடியாதவர் யார்? அவர் கையில் எத்தனை வேலைகள் சேர்ந்திருக்கின்றன?

2. இந்த வாரம் நான் யாரையேனும் சோம்பேறி என்று எண்ணினேனா? அவர் முந்தைய இரவு எத்தனை மணி நேரம் உறங்கினார் என்பது எனக்குத் தெரியுமா?

3. வீட்டில் ஒருவர் உறங்க, அவருடைய எந்த வேலையை இன்று நான் ஏற்கலாம்?