பெயரைச் சுருக்காதே, தம்பி

ஆம்பூர்

அன்புள்ள தம்பிக்கு,

மிலானில் நடக்கும் லீனியாபெல்லே தோல் கண்காட்சிக்கும், அங்கிருந்து நியூயார்க்கில் பையர் அலுவலகத்துக்கும் கம்பெனி உன்னை அனுப்புவதாகக் கேள்விப்பட்டு மனம் நிறைந்தது. கட்டிங் டேபிளில் தொடங்கி மெர்ச்சண்டைசர் ஆன பிள்ளை நீ. தோலின் தரம் பார்க்கவும் விலை பேசவும் உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விசாவும் டிக்கெட்டும் சரியாக இருந்தாலும் உன்னை நிறுத்திவைக்கக் கூடிய ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். அது உன் பெயர்.

உன் அத்தா இதை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். நானும் அவரும் பல வருஷம் சேர்ந்தே பயணம் போனவர்கள். ஒரே கம்பெனி, ஒரே பையர், ஒரே மாதிரி சாம்பிள் பெட்டி. ஒருமுறை வெளிநாட்டு விமான நிலையத்தில் என் பாஸ்போர்ட்டில் உடனே முத்திரை விழுந்தது. அவரைத் தனி அறைக்கு அழைத்துப் போனார்கள். எந்தப் பள்ளிவாசலில் தொழுகிறாய், வளைகுடாவில் யாரைத் தெரியும் என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். வெளியே வந்தவர், "வா, பையர் காத்துக்கிட்டிருப்பார்" என்றார். அதற்குமேல் பேசவில்லை. பட்ட அவமானத்தை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று நினைத்த தலைமுறை அது. அந்த மௌனத்தால்தான் மேல்விஷாரத்துப் பிள்ளையும் வாணியம்பாடிப் பிள்ளையும் முதல் பயணத்தில் தன்னந்தனியாக இதைச் சந்திக்கிறார்கள்.

முதலில், சோதனை வேறு, சந்தேகம் வேறு என்று தெரிந்துகொள். நம் ஷூவே இதற்குச் சாட்சி. 2001 டிசம்பர் 22 அன்று பாரிஸிலிருந்து மயாமி சென்ற விமானத்தில் ரிச்சர்ட் ரீட் என்பவன் ஷூவுக்குள் வெடிமருந்து வைத்திருந்தான். அவனிடம் இருந்தது பிரிட்டிஷ் பாஸ்போர்ட். முந்தைய நாள் பாரிஸில் நிறுத்தி விசாரித்ததில் அவன் விமானத்தைத் தவறவிட்டான், மறுநாள் ஏறிவிட்டான். தீக்குச்சி கிழித்தபோது அவனை மடக்கியவர்கள் விமானப் பணியாளர்களும் பயணிகளும்தான். பின்னர் 2006 முதல் அமெரிக்க விமான நிலையங்களில் அநேகமாக எல்லாரும் ஷூவைக் கழற்ற வேண்டியிருந்தது. 2025 ஜூலையில்தான் அந்த விதியைக் கைவிட்டார்கள். அந்த விதியில் எனக்குக் குறையே இல்லை. எல்லார் ஷூவையும் கழற்றிப் பார்ப்பது பாதுகாப்பு. பெயரைப் படித்துவிட்டு உன் ஷூவை மட்டும் கழற்றச் சொன்னால் அது உன் மீது சுமத்தும் பழி.

அந்தப் பழி பயன் தருவதும் இல்லை. 2002இல் அமெரிக்கா 25 நாடுகளைச் சேர்ந்த, 16 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கென்று தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. வட கொரியாவைத் தவிர மற்றவை முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் நாடுகள். 80,000 பேருக்கு மேல் வரிசையில் நின்று விரல் ரேகை கொடுத்தார்கள். அந்தப் பதிவால் ஒருவர் மீதுகூடப் பயங்கரவாதக் குற்றம் நிரூபணமாகவில்லை. 2016 டிசம்பரில் அந்த விதியையே நீக்கினார்கள். அதே நாட்டின் சுங்கத் துறை 1990களின் கடைசியில் வேறு வழியில் போய்ப் பார்த்தது. தோல் நிறத்தையும் இனத்தையும் விட்டுவிட்டு, பயணி என்ன செய்கிறார் என்பதைக் கவனிக்கச் சொன்னது. சோதனைகள் முக்கால்வாசி குறைந்தன. அப்படியும் சோதித்தவர்களில் கடத்தல்காரர்கள் சிக்கிய விகிதம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியது.

பதவியும் புகழும் இருந்தால் தப்பலாம் என்றும் எண்ணாதே. நம் ராமேஸ்வரத்துக் கலாமை, குடியரசுத் தலைவராக இருந்தவரை, 2009 ஏப்ரலில் டெல்லியிலேயே ஓர் அமெரிக்க விமான நிறுவனத்தின் ஊழியர்கள் உடல் தடவிச் சோதித்தார்கள். 2011 செப்டம்பரில் நியூயார்க்கில் விமானத்துக்குள் உட்கார்ந்த பிறகும் அவருடைய கோட்டையும் ஷூவையும் வாங்கிப்போய்ச் சோதித்தார்கள். இரண்டு முறையும் பிறகு மன்னிப்பு வந்தது. நியூவார்க்கில் 2009இல் ஷாருக் கானை நிறுத்தினார்கள். பெயரில் 'ஹாசன்' இருந்ததால் கமல்ஹாசனும் 2002இல் டொரண்டோவில் மாட்டிக்கொண்டார். உன்னை நிறுத்தினால், நீ என்ன தப்புச் செய்தாய் என்று உனக்குள் தேடாதே. தப்பு அந்த முறையில் இருக்கிறது.

இனி, செய்ய வேண்டியவை. பாஸ்போர்ட், விசா, டிக்கெட், கம்பெனிக் கடிதம் நான்கிலும் உன் பெயரிலுள்ள முகம்மது என்பதற்கு ஒரே எழுத்துக்கூட்டு இருக்கட்டும். நம் ஊர் வழக்கப்படி இனிஷியலோடு நிறுத்தினால் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகி, அமெரிக்க விசாவில் முதல் பெயர் தெரியாது என்று அச்சாகிவிடும். குழப்பம் அங்கேயே தொடங்கும். சாம்பிள் ஷூக்களுக்கு 'விற்பனைக்கல்ல' என்று இன்வாய்ஸ் வைத்துக்கொள். உள்ளே ஸ்டீல் ஷாங்க் இருப்பதைக் கேட்டால் சொல். தோல் சீவும் கத்தி கைப்பையில் இருக்கவே கூடாது. போர்டிங் பாஸில் நான்கு 'எஸ்' எழுத்து இருந்தால் கூடுதல் சோதனை உண்டு என்று பொருள். அதற்கேற்ப முன்னதாகப் போ.

கேள்வி கேட்டால் உண்மையை, சுருக்கமாக, நிதானமாகச் சொல். கோபம் நியாயமானதுதான். ஆனால் குடியேற்ற மேஜைக்கு முன்னால் உன்னைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் அதிகாரியின் கையில் இருக்கிறது. வந்த வேலையை முடித்துவிட்டுக் கோபப்படு. உடலைத் தடவிச் சோதிப்பதானால் ஆண் ஊழியரை, தனியிடத்தைக் கேட்கலாம். காவலில் வைத்தால் இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல். 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை தந்த உரிமை அது. அடிக்கடி நிறுத்தினால், அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் குறைதீர்ப்புத் திட்டத்தில் விண்ணப்பித்து ஓர் எண் வாங்கலாம். அதை அடுத்த டிக்கெட்டில் சேர்த்துவிடு.

உரிமையைக் கேட்டால் பலன் இருக்காது என்பார்கள். பெங்களூரு மருத்துவர் முகமது ஹனீஃபை நினைத்துக்கொள். பிரிட்டனை விட்டுக் கிளம்பும்போது உறவினருக்கு ஒரு சிம் கார்டைக் கொடுத்துவிட்டு வந்ததற்காக, பயங்கரவாதச் சந்தேகத்தின் பேரில் 2007 ஜூலையில் பிரிஸ்பேன் விமான நிலையத்தில் கைதானார். அவர் தரப்பு வழக்கறிஞர்கள் விடவில்லை. அந்த மாதமே வழக்கு கைவிடப்பட்டது. அரசு விசாரணை அவர் குற்றமற்றவர் என்றது. 2010இல் ஆஸ்திரேலியா இழப்பீடு கொடுத்தது.

விசிட்டிங் கார்டில் பெயரைச் 'சாம்' என்று சுருக்கிக்கொண்ட பையன்களை எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நீ அப்படிச் செய்யாதே. பள்ளிவாசலில் உன் பாட்டனார் சூட்டிய பெயர் முழுதாக அச்சாகட்டும். அந்தப் பெயர் கொண்டவர்கள்தான் இந்தப் பாலாற்றங்கரையில் தோல் பதனிட்டு உலகத்தை நடக்க வைத்தார்கள்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள். பெயரைக் கேட்டதும் வாடகை வீடு இல்லை என்பவர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். நம் பாக்டரி கேட்டில் பீகார் பையனின் பையை மட்டும் திறந்து பார்க்கும் பழக்கமும் உண்டு. நீ நாளைக்கு மேனேஜர் ஆனால், எல்லார் பையையும் திற, இல்லையென்றால் யார் பையையும் திறக்காதே. அங்கே நியாயம் கேட்பவன் இங்கே அதைக் கொடுத்தாக வேண்டும்.

போய் வந்ததும் நடந்ததைத் தேதியோடு, கேட்ட கேள்விகளோடு எழுதி வை. உனக்குப் பின்னால் போகும் பிள்ளைகளுக்கு அதைப் படித்துக் காட்டு. உன் அத்தாவிடமும் சொல். நீ பேசத் தொடங்கினால் அவரும் பேசுவார்.

அன்புடன்,
உன் அண்ணன்