நமக்கு நாமே அரைப் பேர் போடலாமா?



கொழுந்து மடுவம் என்றால் என்னவென்று ராகலையில் வாழும் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. மலையிலிருந்து இறங்கி வரும் தாய்மார் வரிசையாக நிற்பார்கள். கொழுந்து தராசில் ஏறும். கணக்கில் எண் ஏறும். குறித்த கிலோ இருந்தால் அன்று முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். விடியற்காலையில் பிரட்டுக்கு வந்ததும், மழையிலும் அட்டைக் கடியிலும் நின்றதும், செங்குத்தான மலையில் ஏறி இறங்கியதும் அந்த ஓர் எண்ணுக்குள் அடங்கிவிடும். எண் போதாவிட்டால், முழு நாள் உழைத்தவளின் பெயர் பாதியாகும். அந்த வேதனையை நம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருக்கின்றன.

இன்று அந்தத் தராசு வேறோர் உருவில் நம் வீடுகளுக்குள் வந்திருக்கிறது. சீனி வருத்தம் என்றோ, இரத்த அழுத்தம் என்றோ டொக்டர் எச்சரித்த பின், அல்லது கல்யாணப் பேச்சு எழுந்த பின், "உடம்பைக் குறைக்க வேண்டும்" என்று பலர் தீர்மானிக்கிறார்கள். நல்ல தீர்மானமே. ஆனால் சில வாரங்களில், காலையில் தராசு காட்டும் எண்ணே அன்றைய மகிழ்ச்சியையும் துக்கத்தையும் தீர்மானிக்கத் தொடங்கிவிடுகிறது. இம்முறை அரைப் பேர் போடுவது யார்? நாமே! எடை குறைக்க முயலும்போது நம்மைப் பற்றி நாமே மனத்தில் வைத்திருக்கும் படம் என்னவாகிறது, நாம் வைத்த இலக்கு ஏன் நகர்ந்துகொண்டே போகிறது என்பதை இந்த வாரம் படிப்போம்.

1. மலைநாட்டில் ஏன் இந்தப் பேச்சு?

பசியை அறிந்த மக்கள் நாம். 2016-ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட நாடளாவிய குடும்பச் சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100-க்கு ஏறத்தாழ 32 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். நாடு முழுவதற்குமான கணக்கு 17. இத்தகைய இடத்தில் கொழுத்த உடல் வசதியின் அடையாளமாகவும் மெலிந்த உடல் வறுமையின் அடையாளமாகவும் எண்ணப்பட்டதில் வியப்பில்லை.

ஆனால் வாழ்க்கை மாறிவிட்டது. மலையேறிய தாயின் மகள் கடையிலோ அலுவலகத்திலோ நாள் முழுதும் உட்கார்ந்திருக்கிறாள். கொழும்புக்குப் போன மகன் முச்சக்கர வண்டி ஓட்டுகிறான். உழைப்பின் வகை மாறியும், கோதுமை மா ரொட்டியும் சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணீரும் மாறவில்லை. குழந்தைப் பருவத்தில் போதிய ஊட்டமின்றி வளர்ந்த உடல், பிற்காலத்தில் கொழுப்பேறினால், நீரிழிவுக்கு எளிதில் ஆளாகும் என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். நம் போன்ற ஆசிய மக்களுக்கு, மேல்நாட்டாரைவிடக் குறைந்த எடையிலேயே ஆபத்து தொடங்குகிறது. ஆகவே, கிலோவில் உள்ள எடையை மீற்றரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்து வரும் எண் 23-ஐத் தாண்டினாலே ஆசியர் கவனமாயிருக்க வேண்டும் என்றும், 27.5-ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம் என்றும் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இல் அறிவுறுத்தியது. எனவே எடை குறைப்பதை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

2. இலக்கு நகர்கிற விதம்

ஒரு சகோதரியைக் கற்பனை செய்துகொள்வோம். உயரம் 152 சென்ரிமீற்றர், எடை 68 கிலோ. இரத்தத்தில் சீனி கூடியிருக்கிறது என்ற சொல் கேட்டுப் பயந்து, "ஐந்து கிலோ குறைந்தால் போதும், ஆண்டவரே!" என்கிறார். நடக்கிறார், சீனியைக் குறைக்கிறார், பல மாதப் பிரயாசையின் பின் 63 கிலோ ஆகிறார். மகிழ வேண்டிய நேரம் அல்லவா? ஆனால் அதற்குள் இலக்கு 58 ஆகிவிட்டது. 58 வந்தால் 55. பிறகு, கல்யாணத்தன்று இருந்த 50. தொடக்கத்தில் வேண்டியது சுகம். இப்போது வேண்டியது என்னவென்று அவருக்கே தெரியாது.

இது ஒருவருக்கு மட்டும் நேர்வதன்று. 1997-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எடை குறைக்க வந்த 60 பெண்களிடம் அவர்கள் எதிர்பார்க்கும் எடையைக் கேட்டனர். தங்கள் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைய வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். 17 கிலோ குறைந்தாலும் அது தங்களுக்கு ஏமாற்றமே என்றனர். 48 வாரச் சிகிச்சையின் முடிவில் சராசரியாக 16 கிலோ குறைந்தது. உடல்நலக் கணக்கில் அது பெரும் வெற்றி. ஆயினும் 100-க்கு 47 பேர், தாங்களே "ஏமாற்றம்" என்று பெயரிட்ட எடையைக்கூட எட்டவில்லை. பதினாறு கிலோவை இறக்கி வைத்தவர்களும் தோற்றவர்களாகத் தங்களை எண்ண வேண்டிய நிலை! இலக்கை எட்டாத உயரத்தில் வைத்தால், வெற்றியும் தோல்வியின் முகத்தோடுதான் வரும்.

3. தராசு சொல்லாத செய்தி

மழைக்காலத்தில் மடுவத்தில் என்ன நடக்கும்? கொழுந்தில் தண்ணீர் இருக்கிறது என்று சில கிலோவைக் கழிப்பார்கள். சாக்குக்கும் கழிப்பு உண்டு. தராசு காட்டுவதெல்லாம் கொழுந்து ஆகாது என்பது எல்லாருக்கும் தெரியும். நம் உடலை நிறுக்கும்போது மட்டும் இந்த அறிவை மறந்துவிடுகிறோம்!

உடலில் சேமித்த மாச்சத்து, தன் எடையைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு நீரைப் பிடித்து வைத்திருக்கும். உணவைக் குறைத்த முதல் வாரத்தில் விரைவாக இறங்கும் எடையில் பெரும்பகுதி அந்த நீரே. பிறகு எடை மெதுவாக இறங்கும்போது, "என்னால் முடியவில்லை" என்று மனம் சோர்கிறது. உப்பு கூடினாலும், மாதவிலக்கு நாட்களிலும், எடை ஓரிரு கிலோ ஏறி இறங்கும். அதைக் கண்டு பட்டினி கிடப்பது, ஈரத்துக்குப் பயந்து கொழுந்தையே கொட்டிவிடுவதற்கு ஒப்பாகும்.

இன்னொன்றும் உண்டு. மெல்பேர்ண் நகரில் நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஆய்வில், மிகக் குறைந்த உணவை 10 வாரம் உண்டு எடை குறைந்தவர்களைக் கவனித்தனர். ஓராண்டு கழித்தும், பசியைத் தூண்டும் ஹோர்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. குறைந்த எடை மீண்டும் ஏறுவதற்கு உடலின் இந்தப் போராட்டமும் காரணம். ஆகவே, எடை திரும்பியவரைப் பார்த்து "வாயைக் கட்டத் தெரியாதவர்" என்று தீர்ப்பிடுவது நியாயமன்று. தன்னைத் தானே அப்படித் தீர்ப்பிடுவதும் நியாயமன்று.

4. கண்ணாடியும் ஊர் வாயும்

எடை குறைந்தவுடன் மனத்திலுள்ள படம் மாறிவிடுவதில்லை. பல ஆண்டுகள் "குண்டு" என்று அழைக்கப்பட்டவர், மெலிந்த பிறகும் கண்ணாடியில் பழைய உருவத்தையே காண்பார். புதிய சட்டையைக்கூடப் பழைய அளவில் வாங்குவார். கண் பார்ப்பதை மனம் நம்ப நாளாகும். அந்த இடைவெளியில்தான், "இன்னும் ஐந்து கிலோ போனால் எனக்கு நிம்மதி வரும்" என்ற எண்ணம் நுழைகிறது. நிம்மதியைத் தராசிடம் கேட்டால் அது எங்கிருந்து தரும்? அதனிடம் இருப்பது எண் ஒன்றே. அதனால்தான் ஒவ்வோர் எண்ணும் வந்தபின் கசக்கிறது. அடுத்த எண் இனிப்பாகத் தெரிகிறது.

இதில் நம் வாய்க்கும் பங்கு உண்டு. "என்ன பிள்ளை, இப்படிப் பெருத்துட்ட?" என்று கேட்ட அதே வாய், அவள் குறைந்தபின், "என்னம்மா வாடிப் போயிட்ட, சீனி வருத்தமா?" என்று கேட்கிறது. பாராட்டுக்கூடச் சில வேளை காயப்படுத்தும். "மெலிஞ்சு இப்பதான் அழகா இருக்க" என்றால், நேற்று வரை அழகற்றவளாய் இருந்தாள் என்பது அதன் மறுபக்கம். 2022-இன் பொருளாதார நெருக்கடியில் பல வீடுகளில் வேளை உணவே குறைந்தது. அப்படி வற்றிய உடலைப் பார்த்து யாரேனும் பாராட்டினால் அந்தத் தாய்க்கு எப்படி இருந்திருக்கும்! ஒருவரின் உடலைப் பற்றிப் பேசுமுன், அதன் பின்னுள்ள கதை நமக்குத் தெரியாது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

5. வைக்கத்தக்க இலக்கு எது?

அமெரிக்காவில் நீரிழிவின் விளிம்பில் நின்ற 3,234 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2002-இல் வெளிவந்தது. அதில் வாழ்க்கை முறையை மாற்றிய பிரிவினருக்குக் கொடுத்த இலக்கு இரண்டே: எடையில் 100-க்கு 7 பங்கு குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் உடலை அசைப்பது. அப்பிரிவில் நீரிழிவு புதிதாக வருவது 58 விழுக்காடு குறைந்தது. நாம் கற்பனை செய்த சகோதரிக்கு 7 பங்கு என்றால் ஐந்து கிலோவுக்கும் சற்றுக் குறைவு. அவர் முதலில் ஆண்டவரிடம் கேட்ட அளவே அது! கண்ணாடிக்கு அது போதாது. இரத்தத்துக்கும் இதயத்துக்கும் அது பெரிய உதவி.

அதைவிட நமக்கு நெருக்கமான சான்று சென்னையிலிருந்து வருகிறது. டொக்டர் அ. இராமச்சந்திரன் தலைமையில், நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேர் இரண்டரை ஆண்டுகளளவு கவனிக்கப்பட்டனர். 2006-இல் முடிவு வெளியானது. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் கைக்கொண்டவர்களில் 39 பேருக்கே வந்தது. வியப்பு என்னவென்றால், பயன் பெற்ற அவர்களின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவேயில்லை! அவர்கள் தராசை மட்டும் நம்பியிருந்தால், "வீண் முயற்சி" என்று பாதியில் விட்டிருப்பார்கள். தராசு அரைப் பேர் போட்ட நாட்களிலும் உடல் முழுப் பேர் எழுதிக்கொண்டிருந்தது.

ஆகவே, இலக்கு நம் கையிலுள்ள செயலாக இருக்கட்டும். "இன்று அரை மணி நேரம் நடந்தேனா? தேத்தண்ணீரில் ஒரு கரண்டி சீனி குறைத்தேனா? ரொட்டியில் ஒன்றைக் குறைத்து, கீரையும் பருப்பும் சேர்த்தேனா?" இவற்றுக்கு மாலையில் "ஆம்" என்று சொல்ல முடிந்தால் அன்று முழுப் பேர். நிறுப்பது வாரத்துக்கு ஒரு முறை போதும். எவ்வளவு குறைக்கலாம், எங்கே நிறுத்தலாம் என்பதைத் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். இடையில் அந்த எண்ணை மாற்றத் தோன்றினால், "சுகத்துக்காகவா, கண்ணாடிக்காகவா?" என்று கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

சில எச்சரிக்கைகள்: சீனிக்கு மருந்தோ ஊசியோ எடுப்பவர்கள் டொக்டரைக் கேளாமல் உணவை விடக் கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் வளரும் பிள்ளைகளும் தாங்களாக உணவைக் குறைக்கக் கூடாது. முயலாமலே எடை குறைந்தால் மகிழ வேண்டாம். காசநோயும் கட்டுப்படாத நீரிழிவும் அப்படித்தான் தொடங்கும். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எடை குறைந்தபின்னும் சாப்பிடப் பயப்படும் பிள்ளை வீட்டில் இருந்தால், அதைப் பிடிவாதம் என்று அதட்டாமல் மருத்துவ உதவி தேடுங்கள்.

6. நோன்பும் எடைக் குறைப்பும்

தவக்காலத்தில் சிலர், "நோன்பும் ஆயிற்று, உடம்பும் குறைந்தது" என்பதுண்டு. இரண்டும் வேறு வேறு. நோன்பு நம் கவனத்தை இறைவனிடமும் பசித்த அயலானிடமும் திருப்புகிறது. தராசைப் பார்த்து இருக்கும் பட்டினி கவனத்தை நம்மிடமே கட்டிப்போடுகிறது. நோன்புக்கும் அளவு வேண்டும். 1380-இல் 33 வயதிலேயே மரித்த சியன்னா நகர்ப் புனித கத்தரீன், இளமையில் ஒவ்வோர் உணவாக விட்டு, பின் உண்ணும்படி பிறர் வற்புறுத்தியும் உண்ண இயலாத நிலையை அடைந்தார். அவரது அன்பையும் துணிவையும் திருச்சபை போற்றுகிறது. அந்தப் பட்டினியை நமக்குச் சட்டமாக வைக்கவில்லை.

அன்பர்களே, உடலைப் பேணுவது கடமை. ஆனால் பேணுவதற்கு முன்பே அது நமக்குத் தரப்பட்ட கொடை. 68 கிலோவில் இருந்த தாயும் 63 கிலோவில் இருக்கும் தாயும் பிள்ளைகளுக்கு ஒரே தாய்தான். ஞானஸ்நானத்தில் நம்மைப் பெயர் சொல்லி அழைத்தபோது யாரும் நம்மை நிறுத்துப் பார்த்து அழைக்கவில்லை. அந்தப் பெயர் முழுப் பெயர். அதைப் பாதியாக்கும் உரிமை எந்தத் தராசுக்கும் இல்லை, நமக்கும் இல்லை.

குடும்பமாகச் சிந்திக்க:

1. நம் வீட்டில் யாருடைய உடலையாவது கேலி செய்து அழைக்கும் பட்டப்பெயர் உண்டா? அதை இன்றே விட்டுவிட முடியுமா?

2. எடை குறைக்க முயலும் ஒருவர் வீட்டில் இருந்தால், அவருக்காக மட்டும் தனிச் சமையலா, அல்லது எல்லாருமாகச் சீனியையும் எண்ணெயையும் குறைக்கலாமா?

3. "இவ்வளவு குறைந்தால் நான் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்று தள்ளிப்போட்ட நல்ல காரியம் ஏதாவது உண்டா? அதை இந்த வாரமே செய்தால் என்ன?