ஆழ்கடலில் சுவாசிக்கும் காற்று: சுழியோடிகளின் குடும்பத்தினர் அறிய வேண்டியவை

சங்கு குளிக்கவும் கடலட்டை பிடிக்கவும் சென்ற ஒருவர் கால்கள் மரத்த நிலையில் எமது விடுதிக்குக் கொண்டுவரப்படும்போது, உறவினர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியையே கேட்பர்: "சிலிண்டரில் அடைத்தது நாம் எல்லோரும் சுவாசிக்கும் காற்றுத்தானே, டொக்டர்? அது எவ்வாறு தீங்கு செய்யும்?" நியாயமான இக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமுக்கம் செய்யும் மாற்றம்

காற்றில் ஏறத்தாழ 21 வீதம் ஒட்சிசனும் 78 வீதம் நைதரசனும் உள்ளன. கடலில் ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அளவு அமுக்கம் கூடுகிறது. ஆகவே 30 மீற்றரில் உள்ளவர் கரையில் உள்ளதைப் போன்று நான்கு மடங்கு அமுக்கத்திலும், 50 மீற்றரில் உள்ளவர் ஆறு மடங்கு அமுக்கத்திலும் சுவாசிக்கிறார். காற்று அதே காற்றுத்தான். ஒரு மூச்சில் உடலுக்குள் செல்லும் அளவே வேறு. இதனால் மூன்று கேடுகள் விளைகின்றன.

முதலாவது, நைதரசன் மயக்கம். ஏறத்தாழ 30 மீற்றரைத் தாண்டியதும் நைதரசன் மதுவைப் போன்று மூளையை மந்தமாக்குகிறது. சிலிண்டரில் எஞ்சியுள்ள காற்றைப் பார்க்க மறத்தல், தேவையற்ற துணிச்சல், தவறான முடிவு ஆகியன இதன் அறிகுறிகள். தாம் மயங்கியிருப்பதை அவரே உணராதிருப்பதுதான் பேராபத்து. மேலே வந்தால் மயக்கம் தெளிந்துவிடும். ஆனால் மேலே வருவதற்குத் தெளிந்த அறிவு வேண்டும்.

இரண்டாவது, ஒட்சிசன் நச்சுத்தன்மை. உயிர் காக்கும் ஒட்சிசனே மிகையானால் வலிப்பை உண்டாக்கும். 1878இல் பிரெஞ்சு அறிஞர் போல் பேர் இதனை விளக்கினார். காற்றைச் சுவாசிப்பவர் 56 மீற்றர் அளவில் பாதுகாப்பு எல்லையை எட்டுகிறார். நீருக்கடியில் வரும் வலிப்பு பெரும்பாலும் மூழ்கி இறப்பதில் முடிகிறது.

மூன்றாவது, அமுக்க நீக்க நோய். ஆழத்தில் இரத்தத்திலும் இழையங்களிலும் கரைந்த நைதரசன், விரைந்து மேலெழும்போது, சோடாப் போத்தலின் மூடியைத் திறந்தாற்போல் குமிழிகளாக வெளிப்படுகிறது. அக்குமிழிகள் மூட்டுகளில் தங்கினால் வலி. முண்ணாணைத் தாக்கினால் கால்கள் செயலிழக்கலாம்.

கலப்பு வாயு தீர்வாகுமா?

1939 மே மாதத்தில் அமெரிக்காவின் ஸ்குவாலஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல் ஏறத்தாழ 73 மீற்றர் ஆழத்தில் மூழ்கியது. உயிரோடிருந்த 33 பேர் மீட்கப்பட்டனர். காற்றைச் சுவாசித்து இறங்கிய சுழியோடிகள் மதி மயங்கித் தடுமாறினர். பின்னர் கப்பலைத் தூக்கும் பணியில் ஈலியமும் ஒட்சிசனும் கலந்த வாயு பயன்பட்டது. அவர்களது அறிவு தெளிவாக இருந்தது. ஈலியம் மயக்கம் தருவதில்லை. அடர்த்தி குறைந்ததால் மூச்சு விடுவதும் எளிது.

இன்று ஒட்சிசன், ஈலியம், நைதரசன் மூன்றும் கலந்த வாயு வழக்கில் உள்ளது. 18 வீத ஒட்சிசனும் 45 வீத ஈலியமும் கொண்ட கலவையை 60 மீற்றரில் சுவாசிப்பவருக்கு ஏற்படும் நைதரசன் தாக்கம், காற்றை 23 மீற்றரில் சுவாசிப்பதற்கு ஒப்பானது.

எனினும் இரு எச்சரிக்கைகள் உண்டு. ஈலியமும் உடலில் கரைந்து குமிழியாகும். ஆதலால் படிப்படியாக மேலெழும் விதி தளராது. அடுத்து, ஒட்சிசன் மிகுந்த 'நைட்ரொக்ஸ்' வாயு ஆழத்திற்கு உகந்தது எனச் சிலர் கருதுவது தவறு. 32 வீத ஒட்சிசன் உள்ள அக்கலவை 40 மீற்றரிலேயே வலிப்பு அபாய எல்லையை அடைகிறது. கலப்பு வாயுவுக்குப் பயிற்சியும், ஒவ்வொரு சிலிண்டரையும் அளந்து பார்க்கும் கருவியும் இன்றியமையாதன.

குடும்பத்தினர் செய்ய வேண்டியவை

அமுக்க நீக்க நோய் பெரும்பாலும் கரையேறிய சில மணி நேரத்திற்குள் தோன்றுகிறது. அப்போது நோயாளியின் அருகில் இருப்பவர்கள் நீங்களே. மூட்டு வலி, விறைப்பு, கால் தளர்ச்சி, தலைச்சுற்று, மூச்சுத் திணறல், சிறுநீர் கழிக்க இயலாமை ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும்:

• அவரைப் படுக்க வையுங்கள், நடக்க விடாதீர்கள்.
• 1990 அம்பியுலன்ஸ் சேவையை உடனே அழையுங்கள். ஒட்சிசன் கிடைக்குமாயின் முகமூடி மூலம் தாமதமின்றிக் கொடுக்கச் செய்யுங்கள்.
• தெளிவுடன் விழுங்க முடிந்தால் நீர் அருந்தக் கொடுங்கள். மது கொடுக்க வேண்டாம்.
• எண்ணெய் பூசி உருவுவதிலோ வலி மாத்திரையிலோ நேரத்தைப் போக்காதீர்கள்.
• வலி தணியுமென்று மீண்டும் கடலில் இறக்காதீர்கள்.
• எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு நேரம், எத்தனை தடவை இறங்கினார், எவ்வாயுவைச் சுவாசித்தார் என்பவற்றை எம்மிடம் மறைக்காமல் கூறுங்கள்.

இறுதிக் கேள்வி குறித்துப் பலர் தயங்குகின்றனர். நாம் கேட்பது குற்றம் காண்பதற்கன்று. அமுக்க அறைச் சிகிச்சையைத் திட்டமிடுவதற்கே. அச்சிகிச்சை எவ்வளவு விரைவில் தொடங்குகிறதோ, அவர் மீண்டும் தம் கால்களால் நடப்பதற்கான வாய்ப்பும் அவ்வளவு மிகுதியாகும்.